உடைப்புப் பதிவேடு

வேதியியல் ஆய்வகத்தில்
பூட்டிய அலமாரிக்குள்
நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது.
தேதி, பொருள், உடைத்தவர், தொகை.
பதினாறு வருடமாக அதில் எழுதுவது நான்தான்.

சோதனைக் குழாய், யுவராஜ், எட்டு ரூபாய்.
கூம்புக் குடுவை, சாம்சன், எழுபது.
பிப்பெட், மறுபடியும் யுவராஜ்.
ப்யூரெட்டின் மூக்கு, ரியாஸ் அகமது,
அப்பா லாரியோடு ஆம்பூர் போயிருக்கிறார்
திங்கட்கிழமை தருவான்.
அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

சத்துவாச்சாரியிலிருந்து
எம்.எட். படிக்கிற ஒரு பெண்
கேள்வித்தாள் கட்டோடு வந்திருந்தாள்.
பேர்ணாம்பட்டில் இரண்டு பள்ளி
குடியாத்தத்தில் எங்களோடு சேர்த்து மூன்று.
நூற்றைம்பது ஆண், நூற்றைம்பது பெண்.
மதியம் கரண்ட் போன வெக்கையில்
கழுவும் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து
கூட்டினாள், கழித்தாள், வகுத்தாள்.
அறிவியலில் பெண்கள் சராசரி
இரண்டு மதிப்பெண் கூட.
ஆனால் அந்த இரண்டை நம்ப முடியாதாம்,
தற்செயலாகவும் வரலாமாம்.
"வித்தியாசம் இல்லைன்னுதாண்ணா எழுதணும்."
எனக்கு வாய்வரை வந்தது.
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து
முதல் பக்கத்திலிருந்து விரல்வைத்து எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு உடைசல்.
ஒரு பெண் பெயர் இல்லை.

தணிக்கைக்கு வந்தவர் ஒருமுறை புரட்டிவிட்டு
"பொண்ணுங்க எவ்ளோ பொறுப்பு பாத்தியா" என்று
பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.
நானும் தலையாட்டினேன்.

நான் பார்க்காததா.
ஒரு மேசைக்கு நாலு பேர்.
பையன்கள் ப்யூரெட்டைப் பிடிப்பார்கள்
திருகைத் திறப்பார்கள், கூச்சல் போடுவார்கள்.
அவள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவாள்.
"பதினெட்டு புள்ளி ரெண்டு, எழுதிக்கோ."
எழுதிக்கொள்வாள்.
நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டை
எட்டிப் பார்ப்பதற்குள்
குடுவை என்னிடம் கழுவ வந்துவிடும்.
ரிகார்டு நோட்டில் மட்டும்
'துளித்துளியாகச் சேர்த்தேன்' என்று
முத்து முத்தாக எழுதியிருப்பாள்.
பத்துக்குப் பத்து.

சேர்த்தேன்.
தன்மை, ஒருமை, இறந்தகாலம்.
யார் சேர்த்தது?

வியாழக்கிழமை
பையன்கள் மொத்தமும் காட்பாடிக்குக்
கபடி மேட்ச் போயிருந்தார்கள்.
மு. தாட்சாயணி பிப்பெட்டை உறிஞ்சினாள்.
மோர் உப்பு நாக்கில் பட்டு
துரு மாதிரி இருக்குடி என்று துப்பினாள்.
முதல் தடவை குடுவை கத்திரிப்பூ நிறம்.
இரண்டாவது தடவையும் எல்லை தாண்டிவிட்டது.
வீட்டில் பீடி இலை நறுக்குகிற விரல்
மூன்றாவது தடவை
திருகை மயிரிழை அளவு திருப்பி
ஒரு சொட்டில் நிறுத்தியது.
இளஞ்சிவப்பு.
இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு.

ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்,
முழங்கை இடித்தது,
பிப்பெட் உருண்டு
தரையில் மூன்றாகப் போனது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
அவள் குடுவையைக் கீழே இறக்கவில்லை.
நிறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்,
"அண்ணா, எழுதிக்கோங்க."

தொகையை விட்டுவிடலாமா என்று
பேனா ஒரு நொடி நின்றது.
விடவில்லை.
பிப்பெட், மு. தாட்சாயணி, நூற்றுப்பத்து.
யுவராஜுக்கு என்ன கணக்கோ அதே.
இரண்டு தவணையாகக் கட்டினாள்,
நோட்டுகளில் புகையிலை வாசம்.

அந்தக் குடுவையை மட்டும் அன்று கழுவவில்லை.
காலையில் வந்து பார்த்தேன்,
நிறம் போயிருந்தது.

எம்.எட். பெண்ணின் நம்பர் இருக்கிறது.
கூப்பிடலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.
என்னவென்று சொல்ல?
முந்நூறில் ஒருத்தி.
உடைந்தது ஒரு பிப்பெட்.
அன்று கபடி இருந்தது.
தற்செயல் என்பாள்.